கடைசியாகக் கை வைத்தவர்

அலுவலக வாகனம் ஒன்று வழக்கத்துக்கு மேல் டீசல் குடித்தால், ஓட்டுநரிடம் விளக்கம் கேட்பதற்கு முன் அந்த வாகனத்தைத் தொழில்நுட்பச் சோதனைக்கு அனுப்பி, மெக்கானிக்கின் கருத்தை எழுத்தில் பெற வேண்டும். எங்கள் துறையின் சுற்றறிக்கைத் தொகுப்பில் இது இருக்கிறது. எந்தப் பக்கம், எத்தனையாவது பத்தி என்பதும் எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் அந்தத் தொகுப்போடு குடித்தனம் நடத்தியவன் நான். விதி தெரிந்திருப்பது வேறு, கோப்பில் எழுதுவது வேறு என்பதையும் அந்த முப்பத்து நான்கு வருடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டோம். பணிப்பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. கண்காணிப்பாளர் என்ற முறையில் அதை வருடாவருடம் பார்த்தவன் நான். இங்கே அது வேண்டாம். ஒல்லியான மனிதர். வலது காது ஏறக்குறைய கேட்காது. அலுவலகத்தில் சில புத்திசாலிகள் அவர் முதுகுக்குப் பின்னால் ‘செவிட்டு மேஸ்திரி’ என்பார்கள். ஆனால் நீளமான திருப்புளியின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியை இடது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு நின்றாரானால், ஆறு சிலிண்டரும் ஆளுக்கு ஒரு குரலில் அவரிடம் முறையிடும் என்று ஓட்டுநர்கள் நம்பினார்கள்.

வில்லாபுரம் தாண்டி எங்கள் துறைக்கு ஒரு ஷெட் இருந்தது. கோடையில் வறண்ட ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் டேங்கர் லாரிகள் அங்கேதான் நிற்கும். எல்லாம் பழைய வண்டிகள். கழித்துக்கட்ட வேண்டிய வயதைக் கடந்து, கழித்துக்கட்டுவதற்கான கோப்பு நகராததால் ஓடிக்கொண்டிருந்தவை. எந்த வண்டி மக்கர் செய்து உள்ளே வந்தாலும் மேஸ்திரியின் முதல் கேள்வி ஒன்றுதான்:

“இதுல கடைசியா கை வச்சது யாரு?”

என்ன கோளாறு என்று கேட்கமாட்டார். எப்போதிலிருந்து என்று கேட்கமாட்டார். ஓடிக்கொண்டிருந்த வண்டி சும்மா கெடாது, யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு எதையோ திருகியிருப்பார் என்பது அவர் கட்சி. அதனால் தன் வேலை முடிந்ததும் பானட்டின் உள்பக்கம் சாக்பீஸால் தேதியைப் போட்டு, பக்கத்தில் ஒரு சுழி போடுவார். சுழி இருந்தால் அது அவர் கை. வேறு எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. செய்த வேலைக்குப் பெயர் போடாமல் இருப்பதுதான் உலக வழக்கம். எங்கள் அலுவலகத்தில் அதையே ஒரு கலையாக வளர்த்திருந்தோம். கோப்பில் நாங்கள் போடும் சுருக்கொப்பத்தை எழுதியவராலேயே மறுநாள் அடையாளம் சொல்ல முடியாது.

ஒருமுறை எங்கள் வீட்டு மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. எலக்ட்ரீசியன் வந்து புது மோட்டார் வாங்கச் சொல்லிவிட்டுப் போனான். அந்த வழியாகப் போன மேஸ்திரியை என் மனைவி கூப்பிட்டாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, “கடைசியா யாரும்மா கை வச்சது?” என்றார்.

“வேற யாரு? இவருதேன். ஞாயித்துக்கிழமை கையில ஸ்பானர வச்சிக்கிட்டு அரைமணி நேரம் நின்னாரு.”

“சார், நீங்க ஆபீஸ்ல பேனாவோட நிப்பாட்டிக்கிறணும்” என்றார் மேஸ்திரி. நான் மாட்டிய வால்வு தலைகீழாக இருந்தது. என் மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை.

நாலாம் நம்பர் டேங்கர் விவகாரத்துக்கு வருகிறேன்.

அதை ஓட்டியவன் தவமணி. பேரையூர்ப் பக்கத்து ஆள். பதினோரு வருடமாகத் தற்காலிக ஓட்டுநர். பத்து வருடம் முடித்தவர்களை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அடுத்த மே முப்பத்தொன்றாம் தேதியன்று நிலுவையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டுமே அதில் இடம். இந்த மாதிரிப் பட்டியல் ஒரு ஆளின் ஆயுளில் ஒருமுறைதான் வரும். சில பேர் ஆயுளில் அதுவும் வராது.

அந்தக் கோடையில் அவனுடைய வண்டிக்கு மேஸ்திரி ஆறு இன்ஜெக்டரையும் கழற்றிச் சரிபார்த்து மாட்டினார். இன்ஜெக்டர் என்பது டீசலைப் பனி மாதிரித் தூவி சிலிண்டருக்குள் அனுப்பும் குழல். அதற்கு அடுத்த வாரத்திலிருந்தே வண்டி கறுப்பாகப் புகை விட்டது. மேட்டில் இழுக்கவில்லை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடியது மூன்றைத் தொடவில்லை. மேஸ்திரி அப்போது குடலிறக்க அறுவைசிகிச்சைக்காக நீண்ட விடுப்பில் இருந்தார். எங்கள் உதவிப் பொறியாளர் வண்டியின் லாக் புத்தகத்தைப் புரட்டினார். “இப்போதுதான் இன்ஜெக்டர் வேலை முடிந்திருக்கிறது. ஆகவே இன்ஜினில் குறை இருக்க வாய்ப்பில்லை. ஆகவே டீசல் திருடப்பட்டுள்ளது” என்று எழுதினார். அந்த இரண்டு ‘ஆகவே’க்களும் என் மேசைக்கு வந்தன. தொழில்நுட்பச் சோதனை வேண்டும் என்று நான் எழுதியிருக்க வேண்டும். மேஸ்திரி விடுப்பில் இருக்கிறார், வெளியே அனுப்புவதென்றால் தனிக் கோப்பு, தனி அனுமதி. “அண்மையில் பழுது நீக்கப்பட்டதால் சோதனை தேவையில்லை” என்று எழுதி என் அடையாளம் தெரியாத சுருக்கொப்பத்தைப் போட்டேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

தவமணியிடம் விளக்கம் கேட்கப்பட்டது; அவன் எழுதிக் கொடுத்தது ஏற்கப்படாமல் வேலை நிறுத்தப்பட்டது. வண்டி ஷெட்டின் மூலையில் பூட்டப்பட்டது. மேஸ்திரியின் சுழிதான் அவனுக்கு எதிரான முக்கியச் சாட்சி.

அக்டோபரில் மேஸ்திரி வேலைக்குத் திரும்பினார். அன்று ஷெட்டில் பொருள் சரிபார்ப்புக்காக நானும் போயிருந்தேன். நேராக என்னிடம் வந்தார்.

“நாலாம் நம்பர் சாவி குடுங்க சார்.”

“அது விசாரணையில இருக்கிற வண்டி மேஸ்திரி. யாரும் தொடக் கூடாது.”

“தொடல. கேக்கத்தான போறேன். காதுக்குத் தடை போட்டிருக்காகளா?”

போடவில்லை. சாவியைக் கொடுத்தேன். மூன்று மாதம் சும்மா கிடந்த வண்டி நாலைந்து தடவை முனகிவிட்டு எழுந்தது. ஷெட் முழுக்கக் கறுப்புப் புகை. தொடுவதில்லை என்ற உறுதிமொழி அதோடு காலாவதியாகிவிட்டது. ஸ்பானரை எடுத்து, முதல் இன்ஜெக்டருக்கு டீசல் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். டீசல் வெளியே கசிந்தது. அந்த சிலிண்டருக்குப் போகவில்லை. இன்ஜின் ஒரு கால் இடறின மாதிரி தடுமாறியது. “இது வேலை செய்யிது” என்று முறுக்கிவிட்டு இரண்டாவதுக்குப் போனார். மறுபடி தடுமாற்றம். மூன்று, நான்கும் அப்படித்தான். ஐந்தாவதைத் தளர்த்தியபோது இன்ஜின் சட்டையே செய்யவில்லை. சத்தம் மாறவில்லை; புகை மட்டும் பாதியாகக் குறைந்தது. ஆறாவதிலும் அதே கதை.

“வேலை செய்யிறவன நிறுத்துனா வண்டி கத்தும் சார். கத்தலைன்னா அவன் சும்மா சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான்னு அர்த்தம்.”

நான் விடுப்பில் போனபோதெல்லாம் அலுவலகம் எந்தச் சத்தமும் இல்லாமல் நடந்தது என் நினைவுக்கு வந்தது.

அந்த இரண்டு இன்ஜெக்டரையும் கழற்றித் துணியில் சுற்றினார். “நீங்களும் வாங்க சார். இல்லைன்னா நான் வழியில வேற மாத்திட்டேன்னு ஒருத்தன் எழுதுவான்” என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் ஒரு டீசல் பம்ப் கடைக்குப் போனார். கடைக்காரர் இன்ஜெக்டரைச் சோதிக்கும் கருவியில் மாட்டி, கைப்பிடியை அழுத்தினார். டீசல் வெள்ளைப் புகைபோலக் கூம்பாக விரிந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“பன்னீர் தெளிச்ச மாதிரி அடிக்கிது அண்ணே. ரெண்டும் அம்சமா இருக்கு. இதப் போயி கழட்டிக்கிட்டு வந்திருக்கீக.”

“அதேன்டா பயமா இருக்கு” என்றார் மேஸ்திரி.

ஷெட்டுக்கு வந்ததும் பானட்டைத் தூக்கி உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாக்பீஸில் கடைசித் தேதி. பக்கத்தில் சுழி. பிறகு ஒரு கம்பியின் நுனியை வளைத்து, இன்ஜெக்டர் உட்காரும் குழிக்குள் விட்டுத் துழாவினார். செம்பு வாஷர் ஒன்று வந்தது. மறுபடி விட்டார். இன்னொன்று வந்தது, கரி பிடித்து, கறுப்பாக. ஆறாவது குழியிலும் இரண்டு.

“ஒண்ணுதான இருக்கணும்?” என்றேன்.

“ஒண்ணுதேன்.”

இன்ஜெக்டர் அந்தக் குழியில் ஒரு செம்பு வாஷர் மேல்தான் உட்காரும். கழற்றும்போது பழைய வாஷரும் கூடவே வந்துவிடும். சில சமயம் கரியில் ஒட்டிக்கொண்டு குழிக்குள்ளேயே தங்கிவிடும். அதைப் பார்க்காமல் புதியதைப் போட்டுவிட்டால் இன்ஜெக்டர் ஒரு வாஷர் கனம் மேலே நிற்கும். எத்தனை அழகாகத் தூவினாலும் இடம் தப்பித்தான் விழும். டீசல் சரியாக எரியாமல் புகையாகப் போகும். ஐந்தும் ஆறும் கேபினுக்கு அடியில் இருப்பவை. கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் மாட்ட வேண்டும். கழற்றிய பழைய வாஷர்கள் ஆறையும் எண்ணி வைத்த பிறகே புதியதைத் தொடுவது மேஸ்திரியின் வழக்கம்.

“கடைசியா கை வச்சது நாந்தேன் சார்” என்றார். “அன்னைக்கி எண்ணல.”

ஏன் எண்ணவில்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அன்று பேரையூர்ப் பக்கம் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். டேங்கர் எப்போது வரும் என்று ஷெட்டுக்கு மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும் அலுவலகத்திலிருந்து பேசியது நான். மூன்றாவது முறை கொஞ்சம் மரியாதைக் குறைவாகவே பேசினேன்.

மறுநாள் ஒரு கடிதத்தோடு வந்து என் மேசை முன் நின்றார். பள்ளிக்கூட எழுத்து. “பழைய வாஷரை எடுக்காமல் புது வாஷர் போட்டது நான். டீசல் திருடு போகவில்லை. புகையாகப் போனது. ஓட்டுநர் தவமணி பேரில் தப்பு இல்லை. அவரைத் திரும்ப எடுக்க வேண்டும்.” நான்கு வாஷரையும் ஒரு பொட்டலமாக நூலால் கட்டி இணைத்திருந்தார்.

குற்றம் சாட்டப்பட்டவன் மறுப்பதற்கு எங்களிடம் படிவம் உண்டு. ஒப்புக்கொள்வதற்கும் உண்டு. யாரும் குற்றம் சாட்டாதபோது ஒருவர் தானாக வந்து ஒப்புக்கொள்வதற்கு எதுவும் இல்லை. அதைச் சொன்னேன். பிறகு, அவருக்கு நல்லது செய்கிற நினைப்பில், ஒரு வழியும் சொன்னேன்.

“‘இன்ஜினின் வயது காரணமாகக் கரி படிந்து வாஷர் ஒட்டிக்கொண்டது’ன்னு எழுதுங்க மேஸ்திரி. பொய் இல்லையே. உங்க பேருக்கும் கெடுதல் வராது.”

“பொய் இல்லதேன். ஆனா வண்டி மேல பழிய போட்டா அவுக வண்டியத்தான சார் விடுவாக. என் மேல போட்டாத்தேன் அவன விடுவாக.”

முப்பத்து நான்கு வருடத்தில் இவ்வளவு துல்லியமான ஒரு நிர்வாகக் குறிப்பை நான் கேட்டதில்லை. கடிதத்தை அப்படியே மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேரையூருக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன். தவமணி வீட்டு வாசலில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். மேஸ்திரி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். தவமணி கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தான்.

“நாலு வாஷரு. இம்புட்டுக்காண்டியா என்னயத் திருடன்னாய்ங்க?”

“ஏந்தப்புப்பா.”

“உங்க தப்பு வாஷரோட போச்சுண்ணே. நீங்க வந்து சொல்லிட்டீக. நான் விளக்கம் எழுதிக் குடுத்தேன்ல? ‘வண்டி இழுக்கல, பின்னாடி ரெண்டு சிலிண்டரு செத்த மாதிரி இருக்கு, ஒரு ஆள் ஏறி ஓட்டிப் பாருங்க’ன்னு. எழுதினேனா இல்லையா? அத ஒரு புண்ணியவான் படிச்சிட்டு ‘திருப்திகரமாக இல்லை’ன்னு போட்டிருக்கான். அவன் யாருண்ணே? அவன ஒரு நாளைக்கி நான் பாக்கணும்.”

மேஸ்திரிக்கு அது யார் என்று தெரியும். என் பக்கம் திரும்பாமல் தண்ணீர்ச் செம்பை வாங்கிக் குடித்தார். தவமணியின் மனைவி எங்கள் இருவரையும் சாப்பிடச் சொன்னாள். நான் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. தொண்டையில் இறங்கியதா என்று கேட்டால், இறங்கியது. அதுதான் அன்றைக்கு என்னைப் பற்றி எனக்குப் பிடிக்காமல் போன விஷயம்.

மண்டல அலுவலகம் நவம்பரில் மூன்று கேள்விகள் கேட்டது. விசாரணையில் உள்ள வாகனத்தைத் திறக்க மெக்கானிக்குக்கு யார் அனுமதி அளித்தார்? இணைக்கப்பட்ட வாஷர்கள் மேற்படி வாகனத்தைச் சேர்ந்தவை என்பதற்கு ஆதாரம் என்ன? இக்கடிதம் எந்த விதியின் கீழ் சமர்ப்பிக்கப்படுகிறது? டிசம்பரில் மேஸ்திரிக்குக் கவனக்குறைவுக்காக ஒரு கண்டிப்பு ஆணை வந்தது. தவமணியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மேஸ்திரி இரண்டு தடவை படித்தார். “ஏம் பங்கு சரியாயிருச்சு. அவன் பங்கு எங்க சார்?” என்றார்.

அவன் பங்கு எங்கே என்று அந்தத் துறையில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். சோதனை இல்லாமல் கேட்கப்பட்ட விளக்கம் செல்லாது. விளக்கம் செல்லாது என்றால் அதன்மேல் கட்டிய குற்றச்சாட்டும் நிற்காது. யாராவது அந்தச் சுற்றறிக்கையைச் சுட்டி, “விதி இருப்பது தெரிந்தே நான் சோதனை தேவையில்லை என்று எழுதினேன்” என்று ஒப்புக்கொண்டால் போதும். எனக்கு ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. இந்த நேரத்தில் ஒரு குற்றக் குறிப்பாணை வந்தால் ஓய்வுபெறவே விடமாட்டார்கள். அதற்கும் விதி எண் எனக்குத் தெரியும். மேஸ்திரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். பொங்கல் விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். சுருக்கொப்பம் போடவில்லை. முழுப் பெயர், பதவி, தேதி. என் மனைவி படித்துவிட்டு, “இதையும் தலைகீழா மாட்டிறாதீக” என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, என்னை ஓய்வுபெற விட்டுவிட்டார்கள். நான் அனுப்பிய கடிதத்தை மண்டல அலுவலகத்தில் யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதைவிட ஆதாரம் தேவையில்லை.

மேஸ்திரி எனக்கு முன்பே ஜனவரியில் ஓய்வுபெற்றிருந்தார். அவர் சும்மா இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை. தவமணியின் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரித்து, அந்த மேசைக்கு முன்னால் நின்று, இடது காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, “இதுல கடைசியா கை வச்சது யாரு சார்?” என்று கேட்டிருக்கிறார்.

வண்டிக்காரர்களிடம் சாதாரணமாகப் போன கேள்வி அங்கே பேயோட்டும் மந்திரம் மாதிரி வேலை செய்தது. எவருக்கும் கடைசிக் கையாக இருக்க மனமில்லை. செவ்வாய்க்கிழமை கோப்பு அடுத்த மேசைக்குப் போய்விடும். அடுத்த திங்கள் அவர் அடுத்த மேசைக்கு முன்னால் நிற்பார். “ஐயா பெரியவரே, எங்கிட்ட இல்லை, போன வாரமே மேல அனுப்பிட்டேன்” என்று அவர் வாய் திறக்கும் முன்பே ஒருவர் கும்பிட்டதாகக் கேள்வி. இப்படித் தள்ளித் தள்ளியே கோப்பு, போக இடமில்லாமல், கையெழுத்துப் போடும் அதிகாரமுள்ளவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. என் மனைவிக்குப் பிறகு என் கடிதத்தைப் படித்த முதல் ஆள் அவர்தான்.

ஓய்வுபெற்றவன் என்பதால் பதிலை என் வீட்டு முகவரிக்கே அனுப்பியிருந்தார்கள். ஆறு வரி. விதிப்படி சோதனை நடத்தப்படாததால் ஓட்டுநர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. அவன் திருடவில்லை என்று எங்கேயும் இல்லை. நடைமுறைதான் பிழையாம். உறையைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

“பட்டியல் மூடிருச்சே சார்” என்றார். அவர் குரல் அப்படித் தளர்ந்து நான் கேட்டதில்லை.

“மூடினது முப்பத்தொண்ணாம் தேதி. ஆணையில போட்டிருக்கிறது மே இருபத்தாறு. தபால்லதான் தாமதம். ஆணை பிறந்த தேதிதான் செல்லும், கைக்கு வந்த தேதி செல்லாது. அதுக்கும் பத்தி எண் இருக்கு மேஸ்திரி.”

“கேக்குதா மேஸ்திரி?” என்றேன். கேட்காத காதில் போனை வைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

“தவமணிய கூட்டிக்கிட்டு வாரேன்” என்றார். “நீங்க அந்தப் பத்திய எடுத்துக்கிட்டு வாங்க.”

மூன்று பேரும் மண்டல அலுவலகத்துக்குப் போனோம். அன்று சாயங்காலம், தட்டச்சு செய்து முடிந்திருந்த பட்டியலின் அடியில், தவமணியின் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்தார்கள். சேர்த்த எழுத்தரைப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன், முனகிக்கொண்டே போட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது தவமணி என்னிடம், “‘திருப்திகரமாக இல்லை’ன்னு போட்டது நீங்கதானாம்ல, மேஸ்திரி இப்பத்தேன் சொன்னாரு” என்றான். ஆமாம் என்றேன். என் டம்ளரையும் அவனே வாங்கிக் கொண்டுபோய் வைத்தான். அது மன்னிப்பா, பழக்கமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மேஸ்திரி பானட்டில் போடுவது மாதிரி நானும் தேதியைப் போட்டுவிடுகிறேன்: மண்டல அலுவலகத்தின் பதில் வந்தது ஜூன் மூன்று, செவ்வாய்க்கிழமை.